மருந்தடிக்கும் மெஷின் பார்க்கிறவனிடம் வந்த போட் மோட்டார்

காவேரிப்பட்டினத்தில் பவர் ஸ்பிரேயர் ரிப்பேர் பார்ப்பவன் நான். மா பூக்கிற தை மாதத்தில் கடையில் கால் வைக்க இடமிருக்காது. அந்த நெருக்கடியில்தான் கே.ஆர்.பி. அணைக்கரையில் இருக்கும் மச்சான் ஒருத்தர், பழவேற்காடு பக்கம் பழைய விலைக்கு வாங்கிய 8 குதிரைசக்தி போட் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். "இதுவும் டூ ஸ்ட்ரோக்தான மச்சான், உன் ஸ்பிரேயருக்கு அண்ணன்னு வச்சுக்க" என்றார்.

கோளாறு இதுதான்: இழுத்தால் ஸ்டார்ட் ஆகும், முழு வேகத்தில் ஐந்து நிமிஷம் ஓடும், அப்புறம் மூச்சு வாங்கி நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்து இழுத்தால் மறுபடி ஐந்து நிமிஷம்.

பிளக்கைக் கழற்றினால் கறுத்து, எண்ணெய் வடிந்தது. மோட்டாரின் மேலேயே 50:1 என்று எழுதியிருக்கிறது, அதாவது லிட்டர் பெட்ரோலில் 20 மில்லி ஆயில் கலக்க வேண்டும். இவர் "கூட ஊத்துனா நல்லதுதானே" என்று 100 மில்லி ஊற்றியிருக்கிறார். கார்புரேட்டரிலோ பல மாதப் பெட்ரோல் வற்றி வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கிடந்தது. பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டை ஊசியால் குத்தவே கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும். வயரில் ஒற்றை இழை செம்பை உருவி நுழைத்தேன். மெதுவேகக் கலவையைச் சரிசெய்யும் ஐடில் ஸ்குருவை மெதுவாக அடிவரை திருகி, அங்கிருந்து ஒன்றரை சுற்று வெளியே எடுத்தேன். 200 லிட்டர் டிரம்மில் நியூட்ரலில் அருமையாக ஓடியது. எனக்கு ஒரே பெருமை.

அணையில் இறக்கி கியர் போட்டு ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் திக்கியது. அடியில் சுழலும் துடுப்பு (புரொப்பெல்லர்) தண்ணீரைத் தள்ளும்போதுதான் என்ஜினுக்குச் சுமை; டிரம்மில் வைத்த டியூனிங் இங்கே செல்லாது. படகை ஓடவிட்டே ஸ்குருவைக் கால் சுற்று திறந்ததும் திக்கல் போனது. ஆனால் ஐந்தாவது நிமிஷம் மறுபடி நின்றது! பெட்ரோல் டியூபில் இருக்கும் ரப்பர் பல்பைப் பிடித்தேன். பிழிந்துபோட்ட எலுமிச்சை போல ஒட்டிக்கிடந்தது. பல்புக்கு முன்னால், டேங்க் பக்கம் அடைப்பு என்று அப்போதுதான் உறைத்தது. டேங்க் மூடியின் மேல் காற்றுக்கு ஒரு குட்டித் திருகு உண்டு. பெட்ரோல் ஆவியாகாமல் இருக்கட்டும் என்று மச்சான் அதை இறுக்கி மூடியே வைத்திருக்கிறார். உள்ளே காற்றுப் போகாமல் பெட்ரோல் எப்படி வெளியே வரும்? ஸ்பிரேயர் மூடியில் துளை தானாகவே இருக்கும், மூடித் திறக்கும் வேலை கிடையாது. அதனால்தான் இரண்டு நாளாக என் கண் அங்கே போகவேயில்லை. திருகைத் திறந்தேன், அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது.

என்ஜினைக் குளிரவைத்துவிட்டுப் பின்பக்கம் பீய்ச்ச வேண்டிய தண்ணீர் மட்டும் நூலாக வந்தது. அடிப்பாகத்தைப் பிரித்தால் பம்பின் ரப்பர் சக்கரத்தில் ஆறு இதழில் ஒன்று இல்லை. புதுச் சக்கரத்தை மட்டும் மாட்டி மூடிவிடாதீர்கள். ஒடிந்த துண்டு மேலே போகிற குழாயில் அடைத்துக்கொண்டிருக்கும், அதைத் தேடி எடுத்தாக வேண்டும்.

---

இதைப் படித்துவிட்டு நாகமரையிலிருந்து எழுதுகிறேன். அண்ணா, நீங்க சொன்ன மூடித் திருகில் நானும் ஒருமுறை அவமானப்பட்டேன். எங்கள் பக்கம் தொல்லை வேறு. மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கி, எதிர்க்கரைப் பண்ணவாடியில் மூழ்கிய கோயிலின் நந்தி தலை காட்டும் காலத்தில் பாறையெல்லாம் தண்ணீருக்கு அரையடி கீழேதான் இருக்கும். துடுப்பு மோதியதும், அதைத் தண்டோடு பூட்டும் சின்ன ஷியர் பின் ஒடிந்தது. கையில் மாற்று இல்லாததால் ஆணியை வெட்டிச் சொருகினேன். அடுத்த பாறையில் ஆணி ஒடியவில்லை, கியர் பல் போச்சு. ஒடியத்தான் அந்தப் பின்னையே மென்மையான உலோகத்தில் செய்கிறார்கள் என்று பிறகுதான் மெக்கானிக் சொன்னார். இப்போது படகில் பிளக் ஸ்பேனரோடு நாலு பின் கட்டி வைத்திருக்கிறேன்.