புத்தாக்கப் பயிற்சிக்குப் போய் வந்த பல்கலைக்கழக நூலகர்களே, உங்கள் அனுபவம் என்ன?

கோவையிலிருந்து, உதவி நூலகர்:

பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டும் என்றுதான் நம்மில் பலர் போகிறோம். இதில் ஒளிவுமறைவு எதற்கு? நான் போன பயிற்சியில் பாதி நேரம், நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளிலேயே கரைந்தது. 1931-இல் வந்த நூல். சீர்காழிக்காரர் எழுதியது என்ற பெருமை எனக்கும் உண்டு. அதற்காக முதலாண்டு மாணவருக்கான பாடத்தை, தலை நரைத்தவர்களுக்கும் நடத்தினால் கொட்டாவிதான் வரும்.

உருப்படியாக இருந்தது ஒரு பிற்பகல் வகுப்பு. பழைய தமிழ் ஆய்வேடுகளை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏற்றுவது பற்றியது. பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த கோப்பு திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே கிடப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். தமிழில் தேடினால் அகப்படாது. முழுவதையும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றி மெய்ப்புப் பார்க்க ஆளில்லாவிட்டால், தலைப்பு, ஆய்வுச் சுருக்கம், குறிச்சொற்கள் ஆகியவற்றையாவது ஒருங்குறியில் தனியே உள்ளிடுங்கள் என்று செய்து காட்டினார்கள்.

திரும்பி வந்த சில நாட்களில், பவானி ஜமக்காள நெசவாளர்களைப் பற்றி ஆராயும் மாணவி ஒருவர் வந்தார். “தமிழில் யாருமே எழுதவில்லைங்க ஐயா” என்றார். எங்கள் அலமாரியிலேயே ஓர் ஆய்வேடு இருந்தது. கணினியில் தேடினால்தான் அகப்படவில்லை. அன்றே அதன் விவரங்களைத் திருத்தி ஏற்றினோம்.

சேலத்திலிருந்து:

எனக்குப் பயன்பட்டது கருத்துத் திருட்டுச் சோதனை வகுப்பு. சோதனை அறிக்கையில் பிற நூல்களோடு ஒப்புமை நாற்பது விழுக்காட்டை ஒட்டி வந்துவிட்டது என்று ஓர் ஆய்வாளர் கொதிப்போடு வந்து நின்றார். திறந்து பார்த்தால், நூற்பட்டியலும் மேற்கோள்களும் சேர்த்தே எண்ணப்பட்டிருந்தன. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிமுறைப்படி நூற்பட்டியலையும், மூலம் சுட்டிய மேற்கோள்களையும் விலக்கிவிட்டுத்தான் கணக்கிட வேண்டும். விலக்கியதும் பத்துக்குக் கீழே இறங்கியது. பொத்தானை அழுத்தத் தெரிந்தவர் பலர் இருக்கிறார்கள். அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவர் குறைவு.

கோவையிலிருந்து, இன்னொரு வளாகம்:

உங்களுக்காவது அனுமதி கிடைத்தது, அண்ணா. நான் கேட்டால், “நீங்கள் போய்விட்டால் நூலகத்தை யார் பார்ப்பது அம்மணி?” என்பதே பதில். அரசின் இணையவழிப் பாடத்தளமான ஸ்வயம் வழியாக இரவில் படிக்கிறேன். பாடம் புரிகிறது, ஆனால் சந்தேகத்தை யாரிடம் கேட்பது? ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் பட்டியலான கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. கைவிட்டதிலிருந்து, “இந்த ஆய்விதழில் அனுப்பலாமா?” என்று கேட்டு வருபவர்களிடம் பட்டியலைக் காட்டித் தப்பிக்கவும் முடிவதில்லை. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையானவர்களா, மதிப்பாய்வு எப்படி நடக்கிறது, கட்டணத்தை எப்போது சொல்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. போன வாரம் ஒரு பேராசிரியரே பணம் கட்டிவிட்டு வந்து கேட்டார்!

அருகருகே இருக்கும் நாமே ஒரு சனிக்கிழமை கூடினால் என்ன? அண்ணா எழுத்துரு மாற்றத்தைக் காட்டட்டும், சேலத்துக்காரர் அறிக்கையைப் படித்துக் காட்டட்டும். மடிக்கணினியோடு வாருங்கள், சான்றிதழ் தரமாட்டேன்.