பாட்டியின் கடற்படைத் தள நினைவுகளைச் செயற்கை நுண்ணறிவால் காட்சியாக்கலாமா?

உட்லண்ட்ஸ் வாசி:

அனைவருக்கும் வணக்கம். என் பாட்டிக்கு இப்போது 84 வயது. திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து 18 வயதில் திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தவர், செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துத் தொழிலாளர் குடியிருப்பில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் குடும்பம் நடத்தினார். தாத்தாவுக்குக் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. பிரிட்டிஷார் தளத்தை விட்டுப் போகப் போகிறார்கள் என்று 1968இல் அறிவிப்பு வந்த இரவு, அந்த வரிசை வீடுகளில் பல அடுப்புகள் எரியவில்லை என்று பாட்டி சொல்வார்.

அவருடைய பேச்சை 3 மணி நேரத்துக்கு மேல் கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறேன். அதைக் கொண்டு 12 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்து, முதலில் குடும்பத்தாருக்கும், பிறகு ஏப்ரலில் தமிழ் மொழி விழாவையொட்டி எங்கள் வட்டாரத்தாருக்கும் திரையிட விரும்புகிறேன். ஆனால் அக்காலத்துப் படங்களாக எங்களிடம் இருப்பவை திருமணப் படமும் கடப்பிதழ்ப் படமும் மட்டுமே. எனவே செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் காட்சியை விவரித்து, 8 விநாடித் துண்டுகள் சிலவற்றை உருவாக்கினேன். பார்க்க அழகாகவே இருந்தன. பாட்டியிடம் காட்டியபோது, "இது எங்க வீடு இல்லையே, யார் வீடு?" என்று கேட்டார். அக்காள் மகளோ அதை உண்மையான பழைய படச்சுருள் என்றே நம்பிவிட்டாள். அந்த இரண்டு மறுமொழிகளும் என்னைத் தடுத்து நிறுத்திவிட்டன.

இத்தகைய காட்சிகளை ஆவணப்படத்தில் சேர்ப்பது முறைதானா? சேர்க்கலாம் என்றால், ஒரே பெண்ணின் முகம் துண்டுக்குத் துண்டு மாறிப்போவதை எப்படித் தவிர்ப்பது? பாட்டி இருமிய இடங்களிலும் சொல் விழுங்கிய இடங்களிலும் அவர் குரலையே செயற்கையாக உருவாக்கி நிரப்பலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெட்டுமேசை:

பல ஆண்டுகளாகத் தமிழ் நிகழ்ச்சிகளுக்குப் படத்தொகுப்பு செய்து வருகிறேன். முகம் மாறுவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுத்தில் விவரிக்கும் ஒவ்வொரு முறையும் செயலி ஒரு புதிய மனிதரைத்தான் வரைகிறது. முந்தைய துண்டில் யாரைக் காட்டினோம் என்ற நினைவு அதற்கு இருப்பதில்லை. ஆகவே நேராக அசையும் படத்துக்குப் போகாமல், முதலில் அசையாப் படமாகப் பல மாதிரிகளை உருவாக்கி, அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, அதையே எல்லாத் துண்டுகளுக்கும் ஆதாரப் படமாகவும் தொடக்கச் சட்டகமாகவும் கொடுங்கள். 2025 மார்ச்சில் வந்த ரன்வே ஜென்-4 உட்படப் பல கருவிகள் இதற்கு இடம் தருகின்றன. 8 விநாடி கிடைக்கிறது என்பதற்காக 8 விநாடியையும் பயன்படுத்த வேண்டியதில்லை. முதல் 3 விநாடிகள் உறுதியாக நிற்கும். அதற்குப் பிறகுதான் விரல்கள் கூடுவதும் சேலை மடிப்பு கரைவதும் பெரும்பாலும் நிகழும்.

விவரிப்பில் எவ்வளவு சொன்னாலும், சேலைக் கட்டு வடநாட்டு முறைக்குப் போய்விடும். அத்தாப்புக் கூரை, அதாவது பனையோலை போன்ற ஓலை வேய்ந்த கூரை, வேறு ஏதோ தீவின் சுற்றுலா விடுதியைப் போல ஆகிவிடும். பெயர்ப்பலகைகளில் தமிழ் எழுத்து வேண்டுமென்றால் பலகையை வெறுமையாக உருவாக்கி, எழுத்தைப் படத்தொகுப்பில் நீங்களே பதியுங்கள். இந்தக் கருவிகள் எழுத்தின் சாயலைத்தான் வரைகின்றன. கொம்பும் காலும் எந்த மெய்யோடு சேரும் என்பதில் பெரும்பாலும் தவறிவிடுகின்றன. கூகுளின் வியோ 3 போன்றவை 2025 மே மாதம் முதல் படத்தோடு ஒலியையும் சேர்த்தே தருகின்றன என்றாலும், அந்த ஒலியை முழுவதுமாக நீக்கிவிடுங்கள். உங்களிடம் பாட்டியின் குரல் இருக்கிறது.

நுண்ணறிவுக் கருவி உங்களுக்கு உண்மையில் கைகொடுக்கப்போகும் இடம் அந்த 3 மணி நேர ஒலிப்பதிவுதான். மின்விசிறி இரைச்சலையும் வெளியில் போகும் பேருந்தின் ஒலியையும் பிரித்தெடுக்க, படத்தொகுப்பு மென்பொருளான டாவின்சி ரிசால்வின் கட்டணப் பதிப்பில் உள்ள குரல் பிரிப்பு வசதி நன்றாகவே வேலை செய்கிறது. பேச்சை எழுத்தாக்க, ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட விஸ்பர் தமிழையும் ஏற்கும். ஆனால் பாட்டி இடையிடையே சொல்லக்கூடிய பாசார் (சந்தை), கம்பம் (சிற்றூர்) போன்ற மலாய்ச் சொற்களில் அது தடுமாறும் என்பதால், ஒருமுறை காதால் கேட்டுத் திருத்தியே ஆக வேண்டும்.

இன்னொன்று. "இது எங்க வீடு இல்லையே" என்று பாட்டி சொன்னதை நீங்கள் தடையாக எண்ணுகிறீர்கள். எனக்கு அதுவே உங்கள் படத்தின் தொடக்கமாகத் தெரிகிறது. அடுத்த முறை அந்தப் படத்தை அவர்முன் வைத்து, அவர் அதைத் திருத்துவதைப் படமெடுங்கள். எது தவறு, எது எங்கே இருந்தது, வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்று அவர் சொல்லச் சொல்ல, அதுவரை நினைவுக்கு வராத செய்திகள் வெளிவரும். வெறுமனே "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் முதியவர்கள் பொதுவாகத்தான் பேசுவார்கள், தவறான படம் ஒன்றைக் கண்டால் துல்லியமாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

பழைய தாள்:

மேலே நண்பர் சொன்ன கடைசிக் கருத்தை முழுமனதோடு ஏற்கிறேன். ஆயினும், உண்மைப் படம்போலத் தோன்றும் காட்சி ஒன்றுகூட உங்கள் படத்தில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழர்களைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள படங்கள் மிகக் குறைவு. படங்கள் ஏராளமாக இருக்கும் இடத்தில் பொய்யான ஒன்று எளிதில் அகப்பட்டுக்கொள்ளும். குறைவாக உள்ள இடத்தில் அதுவே சான்றாகிவிடும். உங்கள் படத்திலிருந்து 3 விநாடியை எவரேனும் வெட்டியெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், சில ஆண்டுகளில் அது "செம்பவாங், 1960" என்ற குறிப்போடு ஏதேனும் ஒரு கண்காட்சிப் பலகையில் வந்து நிற்கக்கூடும். கருவிகளின் உள்ளேயே அடையாளம் பதிக்கும் சின்த்ஐடி போன்ற ஏற்பாடுகள் நல்லவைதாம். ஆனால் அந்த அடையாளம் கண்ணுக்குத் தெரியாது, அதைத் தேடிப் பார்ப்பவர்களும் மிகச் சிலரே.

கறுப்பு வெள்ளையாக்கி, கீறலும் புள்ளியும் சேர்ப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் அக்காள் மகளை ஏமாற்றியது அதுவாகத்தான் இருக்க வேண்டும். காட்சி வேண்டுமென்றால் கோட்டோவியமாகவோ நீர்வண்ணமாகவோ இருக்கட்டும். அது கற்பனை என்று குறிப்பிடும் வரியைப் படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் போடாமல், அந்தக் காட்சி தெரியும் நேரம் முழுவதும் அதன் மீதே போடுங்கள்.

அதற்கு முன், தேசிய ஆவணக் காப்பகத்தைத் தேடிப் பார்த்தீர்களா? அதன் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் இயங்குகிறது; தமிழில் பதிவான நேர்காணல்களும் அங்கு உள்ளன. கடற்படைத் தளத்தின் நிழற்படங்களும் அங்கே கிடைக்கும். பயன்படுத்த அனுமதி கேட்டு எழுத வேண்டும். 1935இல் தொடங்கிய சிங்கப்பூர் நாளிதழ் தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் உள்ளன. 1968 சனவரி இதழின் ஒரு பக்கத்தைத் திரையில் காட்டி, அதன் மீது பாட்டியின் குரலை ஓடவிட்டால், அந்த இரவை வேறெந்தக் கருவியும் அவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவர முடியாது.

ஒலிக்கூடம்:

குரலைச் செயற்கையாக உருவாக்குவதைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். இரைச்சலை நீக்குவது வேறு, அவர் சொல்லாததைச் சொல்ல வைப்பது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பப் படத்துக்காக, மறைந்த பெரியவர் ஒருவரின் பதிவில் அறுந்துபோயிருந்த ஒரு வாக்கியத்தை உருவாக்கிய குரலால் நிரப்பித் தந்தேன். குரல் அச்சு அசலாக இருந்தது. திரையிடலில் அவருடைய மகள் அந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். அப்பா தம்மை "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார், "மகளே" என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை என்று பிறகு சொன்னார். அதன்பின் அந்த வேலையை நான் ஏற்பதில்லை. இருமல் இருக்கட்டும், புரியாத இடத்துக்குக் கீழே எழுத்து போடுங்கள்.

செய்தே தீர வேண்டுமென்றால் இசைவு கேட்க வேண்டும். 2024 சனவரியில் ஏ.ஆர். ரகுமான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி ஒரு பாடலுக்குப் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரின் அனுமதி பெற்று ஊதியமும் தந்ததாக வெளிப்படையாகவே அறிவித்தார். உங்கள் பாட்டி நம்மோடு இருக்கிறார், அவரிடமே கேட்கலாம்.

உரிமை பற்றியும் ஒரு சொல். ஒரு படைப்புக்குப் பதிப்புரிமை கிடைக்க மனித ஆசிரியர் இருக்க வேண்டும் என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இலேயே கூறியிருக்கிறது. கட்டளை எழுதுவது மட்டுமே படைப்பாகிவிடாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமும் 2025 சனவரி அறிக்கையில் சொன்னது. எனவே உருவாக்கிய துண்டுகளை மற்றவர்கள் எடுத்தாண்டால் தடுக்க உங்களுக்கு வலுவான பிடி இல்லாமல் போகலாம். நீங்கள் எடுத்த படமும், செய்த தொகுப்பும் உங்களுடையவை. திருமணப் படத்தைச் செயலியில் ஏற்றுமுன், ஏற்றப்படும் படங்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்களா என்று விதிமுறைகளைப் படித்துவிடுங்கள். அதில் மற்றவர்களின் முகங்களும் இருக்குமே.

உட்லண்ட்ஸ் வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை பாட்டியை மேசையருகே அமர்த்தி, உருவாக்கிய படத்தை அச்சிட்டு அவர்முன் வைத்துப் படமெடுத்தேன். இதுவரை ஒருமுறையும் சொல்லாத செய்திகளை 40 நிமிடம் சொன்னார். படத்தில் இருந்த கிணற்றைக் காட்டி, "கிணறா? குழாய்தான். நாலு வீட்டுக்கு ஒண்ணு. வாளியை முதல் நாள் ராத்திரியே வரிசையில் வெச்சிடுவோம்" என்றார். வாளிகள் மாறிப்போகாதிருக்கத் தாத்தா பட்டறையிலிருந்து கொண்டுவந்த சாம்பல் வண்ணத்தில் கைப்பிடிகளில் புள்ளி வைத்தாராம். எங்கள் வீட்டுக்கு மூன்று புள்ளி.

உண்மைபோலத் தோன்றிய துண்டுகள் அனைத்தையும் நீக்கிவிட்டேன். மூன்று காட்சிகள் மட்டும் கோட்டோவியமாக இருக்கும். குரல் பதிவானபடியே இருக்கும். குழாய்க் காட்சியின் முதல் ஓவியத்தை நேற்றுக் காட்டினேன். குழாய் வீட்டுக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இந்த வாரம் அதைத் திருத்திவிட்டு மீண்டும் காட்டப் போகிறேன்.