சுண்ணாம்புப் பாறையில் எண்ணெயா, நீரா: நில அதிர்வுத் தரவு எதுவரை சொல்லும்?

செராஸ் மாணவன்:
வணக்கம். கோலாலம்பூரில் புவி இயற்பியல் முதுகலை படிக்கிறேன். மணற்கல்லில் எரிவாயு இருந்தால் நெட்டலையின் (செல்லும் திசையிலேயே பாறையை அழுத்தி விரிக்கும் நில அதிர்வலையின்) வேகம் குறைவதையும், அலைவாங்கியின் தொலைவுக்கேற்ப எதிரொலிப்பின் வீச்சு மாறுவதையும் வகுப்பில் கணக்கிட்டுப் பழகியிருக்கிறோம். அதே வழியைச் எண்ணெய் தேங்கிய சுண்ணாம்புப் பாறை ஒன்றின் பயிற்சித் தரவில் பின்பற்றினேன். எண்ணெய் கிடைத்த கிணற்றுக்கும் நீர் மட்டுமே வந்த கிணற்றுக்கும் வேறுபாடே தெரியவில்லை. பிழை என் கணக்கிலா, பாறையிலா?

ஓய்வுபெற்ற கிணற்றாய்வர், பெட்டாலிங் ஜெயா:
தம்பி, பிழை உங்களுடையதன்று. மணற்கல்லின் முதன்மைக் கனிமமான குவார்ட்சின் பருமக் குணகம், அதாவது எல்லாப் பக்கமும் அழுத்தினாலும் சுருங்க மறுக்கும் அளவு, சுமார் 37 ஜிகாபாஸ்கல். சுண்ணாம்புப் பாறையின் கனிமமான கால்சைட்டுக்கு அது 70-ஐத் தாண்டும். துளைகளைச் சூழ்ந்த திடப் பகுதியான சட்டகம் இவ்வளவு விறைப்பாக இருக்கையில், துளைக்குள் இருப்பது எதுவென்று அலைக்கு அவ்வளவாக உறைப்பதில்லை. துளைமை (பாறையில் துளைகளின் பங்கு) 20 விழுக்காடு, உலர்ந்த சட்டகத்தின் பருமக் குணகம் 35, விறைப்புக் குணகம் (வடிவம் சரிய மறுக்கும் அளவு) 20 என்று வைத்து, துளையை நிரப்பும் பொருள் மாறினால் பாறையின் பருமக் குணகம் எப்படி மாறும் என்று காஸ்மன் 1951-இல் தந்த சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். நீர் நிறைந்த பாறையில் நெட்டலையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5,220 மீட்டர். எண்ணெய் நிறைந்தால் 5,200. ஒலித்தடையில் (வேகத்தையும் அடர்த்தியையும் பெருக்கிய எண்ணில்) வேறுபாடு 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல், அவ்வளவே. எரிவாயுவை நிரப்பினால் அடர்த்தி குறைவதால் வேகம் 5,290 வரை ஏறவும் செய்கிறது. மணற்கல்லில் பழகிய கண் அங்கேதான் ஏமாறும். துளைமை ஓரிரு விழுக்காடு மாறினாலே எண்ணெய் தரும் வேறுபாடு முழுவதும் அதில் மூழ்கிவிடும்.

பாறையும் அலையும், அம்பாங்:
ஐயா சொன்னது சரி. ஆனால் அந்த 35 என்ற எண்ணில்தான் சிக்கலே இருக்கிறது. ஒரே துளைமை உள்ள இரண்டு சுண்ணாம்புப் பாறைகளில், ஒன்றில் சிப்பி கரைந்து விட்டுச்சென்ற உருண்டைத் துளைகளும் மற்றொன்றில் மெல்லிய விரிசல்களும் இருந்தால், அவற்றின் வேகம் நொடிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலும் வேறுபடக்கூடும். உருண்டைத் துளை அழுத்தத்தைத் தாங்கி நிற்கும், விரிசல் மடங்கும். ஆகவே பாய்மத்தின் (துளையில் உள்ள நீர், எண்ணெய், வாயுவின்) சாயல் விரிசல் உள்ள பாறையில்தான் கூடுதலாகத் தெரியும். (பத்துமலைக் குகைக்குள் அண்ணாந்து பார்த்தவர்களுக்குச் சுண்ணாம்பு எப்படிக் கரையும் என்று விளக்க வேண்டியதில்லை.) மேலும், பாய்மம் மாறினால் விறைப்புக் குணகம் மாறாது என்பது காஸ்மனின் கோட்பாடு; ஆனால் நீர் ஏறிய கார்பனேட் (சுண்ணாம்பு வகைப் பாறை) மாதிரிகளில் அது மாறியதை ஆய்வகங்கள் அளந்திருக்கின்றன. அங்கே பயன்படுவது மீயொலி, களத்தில் நமக்குக் கிடைப்பதோ சில பத்து ஹெர்ட்ஸ் அலை; ஆகவே ஆய்வக எண்களை அப்படியே களத்துக்கு எடுத்துவரக் கூடாது. கிணற்றின் குறுக்கலைப் (செல்லும் திசைக்குக் குறுக்கே பாறையை அசைக்கும் அலையின்) பதிவைக் கொண்டு முதலில் துளை வகையைப் பிரித்து, பாய்மத்தை அதன் பிறகு தேடுங்கள்.

செராஸ் மாணவன்:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. பதிவுகளை மீண்டும் பார்த்தேன். எண்ணெய்க் கிணற்றின் துளைமை மற்றதைவிட 3 விழுக்காடு குறைவு. இரண்டு விளைவுகளும் எதிரெதிராக இழுத்து ஒன்றையொன்று அழித்திருக்க வேண்டும். அப்படியானால் நில அதிர்வுத் தரவை மட்டும் வைத்துப் பாய்மத்தைச் சொல்லவே முடியாதா?

ஓய்வுபெற்ற கிணற்றாய்வர், பெட்டாலிங் ஜெயா:
எரிவாயு என்றால் ஓரளவு முடியும். சரவாக் கடலில் மத்திய லுகோனியாவின் மயோசீன் காலப் பாறைத் திட்டுகளைப் போன்ற இடங்களில், பாறை அடுக்குகள் சாய்ந்திருக்க அவற்றை வெட்டிக்கொண்டு கிடையாகச் செல்லும் ஓர் எதிரொலிப்பைத் தேடுவோம்; வாயு நீரைத் தொடும் மட்டம் அது. ஆழத்துக்கு மாற்றிய பிறகும் அது கிடையாக நின்று, திட்டின் மேற்பரப்பின் சமஉயரக் கோடு ஒன்றோடு அதன் விளிம்பும் பொருந்தினால் நம்பலாம். எண்ணெய்க்கும் நீருக்கும் இடைப்பட்ட மட்டத்தில் எதிரொலிப்புக் கெழு (வந்த அலையின் வீச்சில் திரும்பி வரும் பங்கு) மேற்சொன்ன கணக்குப்படி சுமார் 0.012 தான், தரவின் இரைச்சல் அதற்கும் கீழே இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள்.