முன்சக்கர பேரிங் மாற்றி 700 கி.மீ. கூட ஆகலை, மறுபடியும் உறுமல்

செங்கோட்டைக்காரன்:
முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக், 82,000 கி.மீ. ஓடியது. தினமும் செங்கோட்டையிலிருந்து கோட்டைவாசல் எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர். இடது முன்சக்கரத்தில் உறுமல் வந்ததால் ஒரு பட்டறையில் பேரிங் மாற்றினேன். 700 கி.மீ. தாண்டுவதற்குள் அதே சத்தம். 45 கி.மீ. வேகத்தில் ஆரம்பித்து 60-இல் காதை அடைக்கிறது. மாற்றிய நாளிலிருந்து ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் எரிகிறது. நக்கிளை (பேரிங் உட்காரும் துளையுள்ள இரும்புப் பாகம்) கழற்றவில்லை; வண்டியிலேயே வைத்து, சக்கரம் மாட்டும் ஹப்பைச் சுத்தியலால் அடித்து இறக்கினார்கள். ஹப்பில் ஒட்டிக்கொண்ட பழைய பேரிங்கின் உள்வளையத்தைக் கிரைண்டரால் அறுத்து எடுத்தார்கள். பேரிங் டூப்ளிகேட்டா, மாட்டிய விதம் தப்பா? அடுத்த தடவை பக்கத்தில் நின்று எதையெல்லாம் பார்க்கணும்?

புளியரை டயர்:
காசு செலவழிக்கும் முன் சத்தம் பேரிங்தானா, டயரான்னு பிரிச்சுப் பாருங்க. மலைப்பாதையில் ஓடுற முன்டயர் ஓரத்தில் ரம்பப்பல் மாதிரி தேயும், அதுவும் இதே மாதிரிதான் உறுமும். டயர் மேல உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவுங்க. ஒரு பக்கம் வழுக்கி, எதிர்ப்பக்கம் கையைக் கீறினா டயர்தான். முன்டயரைப் பின்னால போட்டு ஓட்டினா சத்தமும் பின்னால போயிரும். தார் ரோட்டிலிருந்து சிமெண்ட் தளத்துக்கு ஏறும்போது டயர் சத்தம் மாறும், பேரிங் சத்தம் மாறாது.

வண்டி வலது பக்கம் வளையும்போது பாரம் இடது சக்கரத்தில் விழும். அப்போ சத்தம் கூடி, இடது பக்கம் வளையும்போது அடங்கினா இடது பேரிங். இதை மலையில் பார்க்காதீங்க, இரண்டாவது கியர் இரைச்சலில் ஒண்ணும் கேட்காது. தென்காசிப் பக்கம் சமதள ரோட்டில், போக்குவரத்து இல்லாத நேரமாப் பாருங்க. நியூட்ரல் போட்டும் சத்தம் குறையலைன்னா எஞ்சின் இல்லை. அந்தச் சோதனையும் சமதளத்தில் மட்டும்தான். இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் எஞ்சின் பிடிப்பு போய் மொத்தப் பாரமும் பிரேக் மேல விழும்.

அடுத்து ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை 12 மணி, 6 மணி இடங்களில் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்க. நின்னுட்டா பேரிங். நிக்கலைன்னா நக்கிளைக் கீழே பிடிச்சிருக்கும் பால் ஜாயிண்டைப் பாருங்க. 3, 9 இடத்தில் மட்டும் ஆடினா ஸ்டீயரிங்கோட சேர்ற டை ராட் எண்டு. ஆட்டமே இல்லைங்கறதுக்காக பேரிங் நல்லா இருக்குன்னு விட்றாதீங்க. சீல் வச்ச பேரிங் ஆட்டம் இல்லாமலே கத்தும். காயில் ஸ்பிரிங் மேல விரல் வச்சு, இன்னொரு கையால் சக்கரத்தைச் சுத்துங்க. கெட்டுப்போனதா இருந்தா மணல் அரைபடுற மாதிரி விரலில் நறநறன்னு தெரியும்.

தென்காசி லேத்:
நீங்க சொன்னதிலேயே பதில் இருக்கு. சுத்தியல்தான் காரணம். ஹப்பை மேலிருந்து அடிக்கும்போது, உள்வளையத்துக்குப் பின்னால் தாங்கல் இல்லைன்னா அந்த அடி முழுக்க குண்டுகள் வழியா வெளிவளையத்துக்குப் போகுது. குண்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஓடுபாதையில் சின்னப் பள்ளம் விழும். பிரிச்சுப் பார்த்தா குண்டு இடைவெளியிலேயே வரிசையா புள்ளிகள் இருக்கும். நல்ல பேரிங்கும் அதுக்கப்புறம் தாங்காது. பிரஸ் வச்ச பட்டறைக்கு நக்கிளைக் கழற்றி எடுத்துட்டுப் போங்க.

கழற்றும்போது: வண்டி தரையில் நிக்கும்போதே ஆக்சில் நட்டின் மடிப்பை நிமிர்த்தி, நட்டை இளக்கிடணும். காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்வுற பிரேக் பாகம்) கம்பியில் கட்டித் தொங்கவிடணும், பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. சக்கர வேகத்தைப் பார்க்கும் ஏபிஎஸ் சென்சாரை முதலிலேயே எடுத்திருங்க. நக்கிளை ஸ்ட்ரட்டோட (ஷாக் அப்சார்பர் தூண்) சேர்க்கும் போல்ட் இருக்கும் இடத்தில் கோடு போட்டுக்கோங்க. சக்கரத்தைச் சுத்த வைக்கும் டிரைவ் ஷாஃப்டை வெளிப்பக்கம் இழுத்தா உள்பக்க ஜாயிண்ட் கழன்றுவிடும். ஹப்பிலிருந்து உள்ளே தள்ளி, நக்கிளைத்தான் வெளியே எடுக்கணும்.

பிரஸ்ஸில் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். பேரிங்கை நக்கிளில் இறக்கும்போது அழுத்தம் வெளிவளையத்தில் மட்டும். பழைய பேரிங்கின் வெளிவளையத்தைச் சுற்றிலும் கொஞ்சம் அரைச்சு எடுத்தா அதுவே அழுத்தறதுக்கு நல்ல அச்சு. பேரிங் நகராமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையம் காடியில் முழுசா உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு ஹப்பை இறக்கணும். அப்போ பேரிங்கின் உள்வளையத்துக்கு அடியில் குழாய்த்துண்டு வச்சுத் தாங்கணும், நக்கிளைத் தாங்கினா போதாது. இந்த இரண்டாவது இடத்தில்தான் பிரஸ் இருக்கும் பட்டறையிலும் கோட்டை விடுறாங்க. கோணலா ஏறுதுன்னா நிறுத்தி, வெளியே எடுத்து, மறுபடி ஆரம்பிக்கணும். அழுத்தி நேராக்கக் கூடாது.

செங்கோட்டைக்காரன்:
நன்றி அண்ணாச்சி. விரல் வச்சுப் பார்த்தேன், நறநறப்பு நல்லாவே தெரியுது. கிரைண்டர் பட்ட ஹப்பை மறுபடி பயன்படுத்தலாமா? ஏபிஎஸ் விளக்குக்கு என்ன காரணம்?

தென்காசி லேத்:
ஹப்பின் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டுற அளவுக்கு வெட்டு இருந்தாலோ, புது பேரிங் கையாலேயே ஏறினாலோ ஹப்பையும் மாத்துங்க. வெல்டிங் வச்சு நிரப்பிக் கடையலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, சக்கரத்தைத் தாங்குற பாகம் அது. நக்கிள் துளையில் வெளிவளையம் சுத்தின பளபளப்பு இருந்தா நக்கிளும் போச்சு.

ஏபிஎஸ்: சில வண்டிகளில் சென்சார் படிக்கும் காந்த வளையம் பேரிங் சீலிலேயே இருக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்காரணும். திருப்பி மாட்டினா முதல் நாளே விளக்கு எரியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும். சின்ன பேப்பர் கிளிப்பைக் கிட்ட கொண்டுபோனா ஒட்டுற பக்கம் எதுன்னு தெரிஞ்சிரும். ஆனா காந்த முனை வச்ச ஸ்க்ரூடிரைவரையோ கிரைண்டர் தூளையோ பக்கத்தில் விடாதீங்க. டிரைவ் ஷாஃப்டில் பல்வளையம் இருக்கும் வண்டின்னா, சுத்தியல் அடியில் சென்சார் உடைஞ்சிருக்கான்னு பாருங்க.

புளியரை டயர்:
வாங்கும்போது எண்ணைப் படிச்சு வாங்குங்க. உதாரணத்துக்கு டிஏசி 35650035 என்றால் உள்விட்டம் 35, வெளிவிட்டம் 65, அகலம் 35 மி.மீ. அளவு ஒத்துவந்தாலும் காந்த வளையம் உள்ளதா இல்லாததான்னு தனியாக் கேட்கணும். சீல் வச்சதைத் திறந்து கிரீஸ் அடைக்க வேண்டாம்.

ஆக்சில் நட் புதுசு போடுங்க. கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), உங்க வண்டியின் கையேட்டில் இருக்கும் அளவுக்கு. இம்பாக்ட் கன்னில் முடிக்க விடாதீங்க. நட் இறுகுறதுக்கு முன்னாடி வண்டியைத் தரையில் இறக்கி உருட்டினா, பிரிஞ்சு நிக்கும் உள்வளையப் பாதிகள் நகர்ந்து புது பேரிங் அங்கேயே அடிபடும். அதனால தூக்கி வச்சபடியே ஒருத்தர் பிரேக்கை மிதிக்க, இறுக்கி முடிச்சு, நட்டின் விளிம்பைக் காடிக்குள் மடக்கிட்டு இறக்கணும். வலது பக்கம் அமைதியா இருந்தா ஜோடியா மாத்தத் தேவையில்லை. ஸ்ட்ரட் போல்ட் திறந்ததால் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணம்) கட்டாயம் பார்க்கணும், இல்லைன்னா அடுத்த மழைக்குள் டயர் ரம்பப்பல்லாகி இதே சத்தத்தோட வந்து நிக்கும்.