ஜன்னலில் முட்டை எறிகிறார்கள், வீடு மாறலாமா?

தக்கலைக்காரன்:
அண்ணன்மாரே, அக்காமாரே, அவசரம். வட அயர்லாந்துக்குப் புதிதாக வந்திருக்கிறோம். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. நேற்று ராத்திரி ஜன்னலில் முட்டை எறிந்து, ‘உங்க நாட்டுக்குப் போங்க’ என்று கத்திவிட்டு ஓடினார்கள். மகள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள். வீடு மாறலாமா?

கருங்கல் அண்ணன்:
தம்பி, நான் வந்த புதிதில் ஹீட்டர் போடக் காசில்லாமல் சட்டைமேல் சட்டை போட்டுத் தூங்கினேன். ஏஜென்ட் சொன்ன வேலை ஒன்று, கிடைத்த வேலை வேறொன்று. ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரு, பழகிவிடும்.

குளச்சல் அக்கா:
இதெல்லாம் பழகவே கூடாது! பிள்ளை பயந்து கிடக்கிறது. லண்டன் வந்துவிடுங்கள், ஈஸ்ட் ஹாமில் நம்மாட்கள் நிறைய.

விளவங்கோடு:
விசா விவரம் தெரியாமல் லண்டன் வா என்றால் எப்படி? ‘இங்கே நர்ஸ் இருக்கிறார்’ என்று கதவில் ஒட்டுங்கள். 2025 ஜூனில் வட அயர்லாந்தின் பாலிமீனா ஊரில் வெளிநாட்டவர் வீடுகளைத் தாக்கியபோது, பிலிப்பைன்ஸ் குடும்பங்கள் தங்கள் நாட்டைச் சொல்லி அப்படித்தான் ஒட்டின.

கருங்கல் அண்ணன்:
லண்டன் வாடகை தெரியுமா? ஒரு துண்டு நெய்மீன் வாங்க யோசிக்கணும். வரி மட்டும் ஒழுங்காகப் பிடிப்பார்கள்.

குளச்சல் அக்கா:
ஊரில் வீட்டுக்கடன் வேறு. யாரிடம் சொல்ல!

மணவாளக்குறிச்சி:
மீனும் வாடகையும் அப்புறம். தம்பி, எந்த ஊர், யார் வீடு என்று சொல்லவில்லையே? முதலில் போட்டோ எடு. ஆபத்து என்றால் போலீஸுக்கு 999, நடந்து முடிந்ததைச் சொல்ல 101. வெறுப்புக் குற்றம் என்று பதியச் சொல்லி புகார் எண் வாங்கு. ஹவுசிங் எக்ஸிகியூட்டிவ் என்கிற அரசு வீட்டுவசதி அமைப்பிடம் இப்படிப் பாதிக்கப்பட்ட வீடுகளுக்குப் பழுது, பூட்டு செய்துதரும் திட்டம் இருக்கிறது. தனியார் வாடகை வீட்டுக்கும் கேட்கலாம். பெல்ஃபாஸ்டில் 2025 மார்ச்சில் இந்தியத் துணைத் தூதரகம் திறந்தார்கள், அங்கேயும் தெரிவி.

கதவில் ஒட்டுவது எனக்கு ஒப்பவில்லை. எங்களை விடு, அடுத்த வீட்டைப் பார் என்றுதானே அதற்கு அர்த்தம்? அடுத்த வீட்டில் ருமேனியக்காரர் கைக்குழந்தையோடு இருப்பார்.

2024 ஜூலையில் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் படகில் வந்த அகதி என்று பொய் பரவி, மறுநாள் மசூதியைத் தாக்கினார்கள். விடிந்ததும் அதே ஊர்க்காரர்கள்தான் செங்கலோடு வந்து இடிந்த சுவரைக் கட்டிக்கொடுத்தார்கள். சில நாளில் லிவர்பூலில், மசூதிக்கு எதிரே கோஷம் போட்டவர்களிடம் இமாம் சாப்பாடு கொண்டுபோய்ப் பேசினார். சிலர் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டே போனார்கள். நம் குமரி மாவட்டத்தில் 1982-ல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மண்டைக்காடு கலவரத்துக்குப் பிறகு குன்றக்குடி அடிகளார் இரண்டு தரப்பையும் பார்த்துப் பேசியதைப் பெரியவர்களிடம் கேட்டுப்பார். யாராவது ஒருத்தர் நடந்துபோய்ப் பேச வேண்டியிருக்கிறது.

அதற்காக முட்டை எறிந்தவனைத் தேடிப் போகாதே. பகல் நேரத்தில் அக்கம்பக்கத்தாரிடம் பேர் சொல்லி அறிமுகமாகு. மகளின் டீச்சரிடம் நடந்ததைச் சொல். அந்தப் பசங்களைப் பேர் சொல்லிக் கண்டிக்கக்கூடிய ஆள் அந்தத் தெருவில்தான் இருப்பார்.

தக்கலைக்காரன்:
பாலிமீனாதான் அண்ணே. தனியார் வாடகை வீடு. 101-ல் பேசி எண் வாங்கிவிட்டேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து அவர்களைத் திட்டினார்கள்.

மணவாளக்குறிச்சி:
அப்படியா! சரி, முதலில் அந்த அம்மாவிடம் போ, மகளையும் கூட்டிக்கொண்டு. போலீஸ் கேட்டால் பார்த்ததைச் சொல்வார்களா என்று கேள். வீட்டுக்காரருக்கு இன்றே போட்டோவை அனுப்பிவிடு.