மறு: மவுத்வாஷுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

‘வாய்க்கழுவி’, ‘வாயலசி’, ‘கொப்பளிப்பான்’ என்று மவுத்வாஷுக்கு இந்த விவாதத்தில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலுமே எனக்குத் தயக்கம் இருக்கிறது. வீட்டில் நடந்ததைச் சொன்னால் காரணம் புரியும்.

போன மாதம் பெரம்பூரில் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். மறுநாளிலிருந்து பயன்படுத்த 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி மவுத்வாஷைக் கொடுத்தார்கள். சீட்டில் ‘மவுத்வாஷ், காலை, இரவு’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அம்மா பேஸ்ட் போட்டுத் தேய்த்த கையோடு அதை மூடியில் ஊற்றி வாயைக் கழுவினார். உடனே ஒரு சொம்புத் தண்ணீரில் இன்னொரு முறை கழுவினார். அப்புறம் டீ. பத்து நாளில் முன்பற்களின் இடுக்கில் பழுப்புக் கறை படிந்துவிட்டது.

பேஸ்டில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட், குளோர்ஹெக்சிடினின் வேலையைக் கெடுக்கும். இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரமாவது விட வேண்டும். கறை அந்த மருந்தின் இயல்பு, டீயும் காபியும் அதைக் கூட்டும். தினமும் பயன்படுத்தும் ஃபுளோரைடு வகையின் கதை வேறு. பேஸ்டில் ஃபுளோரைடு பெரும்பாலும் 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்கும். 0.05 சதவீத சோடியம் ஃபுளோரைடு மவுத்வாஷிலோ ஏறக்குறைய 225தான். பல் தேய்த்ததும் இதை ஊற்றினால், பல்லில் தங்கிய கூடுதல் ஃபுளோரைடைக் குறைவானதைக் கொண்டு வெளியேற்றுகிறோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போல வேறொரு நேரத்தில் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் இருப்பதுதான் சரி.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘கழுவி’ என்றால் அழுக்கை நீக்குவது. துணியை அலசுவது சோப்பு போவதற்காக. ஆக ‘வாயலசி’ என்று எழுதினால், பேஸ்ட் போக அலசு என்று நாமே சொல்லிக்கொடுத்தது போலாகிவிடும். அம்மா செய்ததும் அதைத்தானே? ‘கொப்பளிப்பான்’ இலக்கணத்திலேயே இடறுகிறது. கொப்பளிப்பது நாம், அந்தத் திரவம் அல்ல. ‘கொப்பளம்’ என்று சுருக்கவும் முடியாது, அது தீக்காயத்தில் வருவது.

என் பரிந்துரை: கொப்பளிநீர்.

குடிநீர், ஊறுகாய் போல வினைத்தொகை, எனவே நடுவில் ஒற்று மிகாது. ‘நீர்’ என்றால் வெறும் தண்ணீர் என்று நினைப்பார்களே என்று ஒருவர் கேட்கலாம். டெங்கு காலத்தில் சென்னை முழுக்க நிலவேம்புக் குடிநீர் குடித்தோம், அதை யாரும் வெறும் தண்ணீர் என்று நினைக்கவில்லை. மருந்து சேர்ந்த நீர்மத்துக்கு ‘நீர்’ நம்மிடம் பழகிய சொல். ‘வாய்’ என்ற முன்னொட்டும் தேவையில்லை, கொப்பளிப்பது வாயால்தான். வகைகளும் எளிதாக வருகின்றன: ஃபுளோரைடு கொப்பளிநீர், உப்புக் கொப்பளிநீர், தொண்டைக்கு என்றால் தொண்டைக் கொப்பளிநீர். ‘கொப்புளி’ என்ற வடிவமும் உண்டு. ஆனால் இங்கே வீட்டிலும் தெருவிலும் காதில் விழுவது ‘கொப்பளி’ என்பதால் அதையே எடுத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளைத் தாளில் ‘கொப்பளிநீர்’ என்று எழுதி அம்மாவின் பாட்டிலில் ஒட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, “கொப்பளிச்சுத் துப்பணும், அவ்வளவுதானே?” என்றார். முழுங்கக் கூடாது என்பது அந்தச் சொல்லிலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் துப்பியதும் கை சொம்பைத் தேடியது. ‘பிறகு தண்ணீர் வேண்டாம்’ என்பதை எந்தச் சொல்லிலும் அடக்க முடியவில்லை. அதைத் தனி வரியாகக் கீழே எழுதி ஒட்டினேன்.

அந்த வரியில் ‘துப்பவும்’ என்று போட்டிருக்கிறேன். ‘உமிழவும்’ என்பது மரியாதையாக இருக்கிறது, ஆனால் அம்மாவுக்கு உடனே பிடிபடவில்லை. அச்சில் எது நல்லது என்று சொல்லுங்கள்.