[கலைச்சொல்] பாதை பிரியும் இடத்தில் கவிழும் மாதிரி ரயில்: ஐந்து சொற்கள் தேவை

ம., ஸ்டுட்கார்ட்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கட வார இறுதித் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகள் ஒரு மாதிரி ரயில்பாதை கட்டியிருக்கிறார்கள். எச்ஓ அளவு, அதாவது 1:87. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. நேர்ப்பாதையில் ஒழுங்காக ஓடும் பெட்டி, பாதை பிரியும் இடத்துக்கு வந்ததும் தடம் புரள்கிறது. அதைத் திருத்தும் முறையை இரண்டு பக்கக் குறிப்பாக வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

ஜெர்மன் சொற்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். முழு அமைப்பு ‘வைஷெ’. அசையும் கூர்த் தண்டவாளம் ‘ட்சுங்கெ’, நாக்கு என்று பொருள். இரண்டு தண்டவாளங்கள் கூராகச் சேரும் இடம் ‘ஹெர்ட்ஸ்ஷ்டூக்’, இதயத்துண்டு. எதிர்ப்பக்கத்தில் சக்கரத்தைப் பிடித்து நடத்தும் துணைத் தண்டவாளம் ‘ராட்லெங்கர்’. இவற்றோடு, ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடைப்பட்ட அளவுக்கும் ஒரு சொல் வேண்டும். எங்கட கோளாறு பெரும்பாலும் அதில்தான்.

வே., மதுரை:

முதல் சொல் நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டாக இருக்கிறது: கவலை. சங்கப் பாடல்களில் பாலை நிலத்துப் பிரிவழிக்கு அதுதான் பெயர். எந்த வழியில் போவது என்று திகைத்து நிற்கும் மனநிலைக்கு அந்தப் பெயர் பின்னால் ஏறியது என்பது என் துணிபு. வேர் ‘கவ’: கவர், கவை, கவடு, கவட்டை, கவண் எல்லாம் ஒரே குடும்பம். குறுந்தொகை 324ஆம் பாட்டில் இரட்டைப் பிள்ளைகளைக் கவைமக என்று சொன்ன புலவருக்குக் கவைமகனார் என்றே பெயர் நின்றுவிட்டது. ஒன்றாக வந்து இரண்டாகப் பிரிவதைச் சொல்ல இதைவிடத் தெளிவான வேர் இல்லை. கவலை வேண்டாம் என்றால் கவை.

சு., சிங்கப்பூர்:

ஐயா, கவண் அந்தக் குடும்பமா என்பதைத் தனி இழையில் பேசலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ‘கவலையில் பெட்டி புரண்டது’ என்று படித்தால் என்ன விளங்கும்? இதயத்துண்டுக்கு ஆங்கிலத்தில் ‘ஃபிராக்’. நேராகத் ‘தவளை’ என்று வைத்துவிடலாம். இணையத்தில் தேடும் பிள்ளைக்கு இரண்டு மொழிக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கும்.

வே., மதுரை:

அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் குளத்துத் தவளை காரணமில்லை என்பதே பரவலான விளக்கம். குதிரைக் குளம்பின் அடியில் முக்கோணமாக ஒரு மெத்தைப் பகுதி உண்டு. அதற்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். வடிவ ஒற்றுமையால் வந்ததைத் தவளை என்று பெயர்த்தால், பிள்ளை அந்த இரும்பில் தவளையைத் தேடும். பிரெஞ்சுக்காரரும் இதயம் என்றே சொல்கிறார்கள்.

த.ந., பொன்மலை:

பாதைப் பராமரிப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். தங்கை சொன்ன நான்கு ஜெர்மன் சொற்களுக்கு, அதே வரிசையில், எங்கள் கேங்கில் சொன்னது பாயின்ட், டங் ரயில், கிராசிங், செக் ரயில். கிராசிங்கின் கூர்முனை ‘நோஸ்’. ஆகவே நாக்கு, மூக்கு இரண்டையும் தயங்காமல் வைக்கலாம். இதயம் என்றால் எங்கே கை வைப்பது என்று தெரியாது. மூக்கு என்றால் சக்கரம் எதில் முட்டுகிறது என்பது உடனே தெரியும்.

செக் ரயிலின் வேலையைப் பாருங்கள். மூக்குக்கு முன்னால் தண்டவாளத்தில் இடைவெளி உண்டு. அங்கே சக்கரத்துக்கு வழிகாட்ட ஒன்றும் இல்லை. எதிர்ச் சக்கரத்தின் உட்புறத்தைச் செக் ரயில் பிடித்துக்கொள்வதால் இந்தச் சக்கரம் மூக்குப் பக்கம் சாய்வதில்லை. காப்பது அதுதான். ‘காப்புத் தண்டவாளம்’ என்று வையுங்கள்.

நம் அகலப் பாதையில் தண்டவாள இடைவெளி 1676 மி.மீ., சக்கர உட்புற அளவு 1600. தங்கை சொல்லும் 16.5க்குச் சுமார் 14.4 என்று வைத்தால், விகிதப்படி மாதிரியில் தளர்வு மிக அதிகம். அதனால் காப்புத் தண்டவாளம் அங்கே இன்னும் முக்கியம்.

ம., ஸ்டுட்கார்ட்:

நன்றி ஐயா. உட்புற அளவுக்கு ‘முதுகிடை’ என்று போட்டேன்: இரண்டு சக்கரங்களின் முதுகுகளுக்கு இடை. குறிப்பின் நடுப்பகுதி இப்படி வருகிறது:

“பெட்டியைத் தனியாக விரலால் மெதுவாகத் தள்ளுங்கள். நாக்கின் நுனியில் ஏறினால், நாக்கு பக்கத் தண்டவாளத்தோடு ஒட்டவில்லை. இடையில் சரளைத்தூள் இருக்கிறதா பாருங்கள். நுனி தடித்திருந்தால் அரத்தால் மெலிதாக்குங்கள். மூக்கில் முட்டினால் முதுகிடையை அளவுங்கள். கூடியிருந்தால் காப்புத் தண்டவாளம் பிடித்தும் சக்கர விளிம்பு மூக்கைத் தொடும். குறைந்திருந்தால் சக்கரம் காப்பில் இறுகி மேலே ஏறும். முதுகிடை சரியாக இருந்தும் முட்டினால் காப்பு இடுக்கு அகலம். காப்புத் தண்டவாளத்தின் சக்கரப் பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒட்டுங்கள்.”

வே., மதுரை:

குறிப்பு நன்று. ஆனால் ‘இடை’ ஏழாம் வேற்றுமை உருபும் ஆகும். நன்னூல் பட்டியலில் உண்டு. முதுகிடை என்றால் ‘முதுகின்கண்’ என்றும் படிக்கலாம். ‘முதுகிடைவெளி’ என்றால் ஐயம் வராது.

சு., சிங்கப்பூர்:

செய்யுளில் படிக்கலாம் ஐயா. மில்லிமீட்டரோடு வரும்போது யாரும் அப்படிப் படிக்கமாட்டார்கள். முதுகிடைக்கு என் வாக்கு. தவளையை விட்டுவிடுகிறேன், மூக்கு சரி. முதல் சொல் பாயின்ட் என்றே இருக்கட்டும். ‘பாயின்ட்ஸ்மேன்’ தமிழ் நாளிதழிலேயே வருகிற சொல்தான்.

த.ந., பொன்மலை:

எனக்கும் அதே.

ம., ஸ்டுட்கார்ட்:

பாயின்ட், நாக்கு, மூக்கு, காப்புத் தண்டவாளம், முதுகிடை என்று இன்றிரவு அச்சுக்குப் போகிறது. இங்கே தாத்தா பாட்டிமார் ரயிலைக் கோச்சி என்பார்கள்; தலைப்பில் அந்தச் சொல்லையும் வைத்திருக்கிறேன்.

வே., மதுரை:

அச்சுக்குத் தடை சொல்லவில்லை. பாயின்ட்டை மட்டும் நான் ஏற்கவில்லை. உறுப்புகள் எல்லாம் தமிழாக அமைந்தபின் முழுமைக்கு அயற்சொல் தேவையில்லை. ‘கவை’ தனியாக நின்றால் விளங்காது என்றால் ‘கவைத்தடம்’ என்று தொகுக்கலாம். நம் சொற்பட்டியலில் இரண்டையும் பதிந்துவிட்டேன். கவைத்தடத்துக்கு மறுப்பு உள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.